ஜெபக்குழுவுக்குத் தெரிந்த ரகசியப் பயணம்

சண்டை நடக்கிற நாட்டுக்குப் போகுமுன் டெக்சாஸில் நான்கு நாள் பாடம் படித்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கடைசியாக வகுப்பில் உட்கார்ந்தது பாலிடெக்னிக்கில். ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜன் தயாரிக்கும் பிளான்ட்டுகளை நிறுவுவதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. இருபத்தாறு வருடம் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டியவனுக்கு, கடத்துகிறவனிடம் எப்படி மரியாதையாக நடந்துகொள்வது என்று கற்றுத் தரப் போகிறார்களாம்.

நான் போகவிருந்த நாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதக் கூடாது என்பதுதான் முதல் பாடம். அங்கே ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில், எனக்கு நன்றாகத் தெரிந்த ரகப் பிளான்ட் ஒன்று ஆறு மாதமாகப் படுத்துக் கிடந்தது. சிலிண்டர் ஏற்றிவரும் லாரிகள் சோதனைச் சாவடிகளில் நாள்கணக்கில் நின்றன. ஒரு தொண்டு நிறுவனம் என்னைக் கேட்டது. யோசிக்காமல் சரி என்றேன். சொன்ன பிறகுதான் வீட்டில் இன்னொருவரிடமும் கேட்டிருக்க வேண்டும் என்று உறைத்தது.

அந்த இன்னொருவர் என் மனைவி புஷ்பம். பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். நைரோபியில் பயிற்சி கொடுக்கப் போகிறேன், வழியில் டெக்சாஸில் ஒரு மீட்டிங் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் விடமாட்டாள் என்ற பயம் பாதி. கேட்டுவிட்டு, சரி போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டால் நிஜமாகவே போயாக வேண்டுமே என்ற பயம் மீதி.

சனிக்கிழமை மத்தியானம் டல்லாஸில் இறங்கினேன். புஷ்பத்தின் தம்பி ஜெபசிங் வந்து நின்றான். பக்கத்தில் காப்பெலில் வீடு, ஐ.டி. வேலை, பத்து வருடமாக கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் பொறுமைசாலி. வீட்டுக்குப் போகும் வழியில் தயிர் வாங்க ஒரு கடையில் நிறுத்தினான். கடை வாசல் கண்ணாடியில் துப்பாக்கிப் படம் போட்டு, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு வரவேண்டுமாம். நம்மூரில் இதே இடத்தில் செருப்பைப் பற்றித்தான் எழுதியிருப்பார்கள். சண்டை நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் குழம்பிவிட்டேன்.

ஃப்ரீவேயில் ஏறியதும் ஜெபசிங் சும்மா இருக்காமல் மீட்டிங் எதைப் பற்றி என்று கேட்டான். பன்னிரண்டு லேன் சாலையில், எழுபது மைல் வேகத்தில், பொய் சொல்ல எனக்கு வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாடு, ஊர், கிளம்பும் நாள், இறங்கியதும் எந்தச் சாலையில் போவது என்பது வரை. யாரிடமும் மூச்சு விடாதே, உன் அக்காவிடம் விடவே விடாதே என்றேன்.

"சத்தியமா யார்ட்டயும் சொல்ல மாட்டேன் அத்தான். ஜெபம் மட்டும் பண்ணிக்கிடுதேன்," என்றான்.

முதல் வாக்கியம் என் காதில் தேனாகப் பாய்ந்தது. இரண்டாவது வாக்கியத்தின் ஆபத்து எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஒரு அமெரிக்கச் சபையின் ஹாலை வாடகைக்கு எடுத்துத் தமிழ் ஆராதனை நடத்துகிறார்கள். பாட்டுகள் முடிந்தன. ஜெப வேளையில் ஒரு அம்மா எழுந்து கண்ணை மூடினார். நோயாளிகளுக்காக ஜெபித்தார், விசா புதுப்பிக்கிறவர்களுக்காக ஜெபித்தார். அப்புறம், ஆண்டவரே, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்கிருந்து கிளம்பும் எங்கள் சகோதரனைக் காத்தருளும் என்றார். எனக்கு வேர்த்தது. அவர் நிறுத்தவில்லை. விமானம் மாறும் ஊரிலும், இறங்கும் ஊரிலும், அங்கிருந்து வெள்ளை வண்டியில் வடக்கே போகும் அந்த ஆபத்தான சாலையிலும் துணையிரும் என்று, என் பயணத் திட்டத்தை ஒரு வரி விடாமல் பரலோகத்துக்கு வாசித்துக் காட்டினார். ஒரு கண்ணைத் திறந்து ஜெபசிங்கைப் பார்த்தேன். அவன் இரண்டையும் இறுக மூடியிருந்தான்.

பிரியாணி வரிசையில் நிற்கும்போதுதான் அந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார்கள். ஜெப விண்ணப்பம் என்று தலைப்பு. எல்லா விவரமும் இருந்தது. கடைசியில், இது மிகவும் ரகசியம், தயவுசெய்து குழுவுக்கு வெளியே போக வேண்டாம். அதன் மேலேயே பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது என்ற குறியும் இருந்தது.

ஜெபசிங் நெளிந்தான். "பொதுவா ஜெபிங்கன்னு போட்டா யாரும் கவனிக்க மாட்டாங்க அத்தான். டீடெய்லா போட்டாத்தான் மனசுல பாரத்தோட ஜெபிப்பாங்க."

சாப்பிட்டு முடிப்பதற்குள் நியூஜெர்சி எடிசனிலிருந்து ஒரு ஆன்ட்டி கூப்பிட்டார். அவரை நான் பார்த்ததே இல்லை. பதினைந்து நிமிடம் போனிலேயே ஜெபித்துவிட்டு, அந்த நாட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று எச்சரித்தார். கலிபோர்னியா பே ஏரியாவிலிருந்து கணினிப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் ஒரு தம்பி செய்தி அனுப்பியிருந்தார். அங்கிள், இதை இப்படிப் பொதுவில் போடுவது பாதுகாப்பில்லை, உடனே அழிக்கச் சொல்லுங்கள். கூடவே அழிக்க வேண்டிய செய்தி எது என்று தெரிவதற்காக அதையே மறுபடி தன் குழு எல்லாவற்றுக்கும் அனுப்பியிருந்தார்.

எடிசன் ஆன்ட்டியின் தங்கை பாளையங்கோட்டையில் பாடகர் குழுவில் இருக்கிறார். புஷ்பமும் அதே பாடகர் குழு. ஊரில் அப்போது நடுராத்திரி. கேசரி எடுக்கக் கை நீட்டியபோது என் போன் அதிர்ந்தது. அதே ஜெப விண்ணப்பத்தின் படம், அதன் கீழே புஷ்பத்தின் ஒரே ஒரு வரி. இது நீங்களா?

பதினோரு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நீளமாக மன்னிப்பு எழுதி அனுப்பினேன். படித்துவிட்டதற்கான நீலக் கோடுகள் மட்டும் வந்தன. இருபத்தேழு வருடத்தில் அவள் என்னைத் திட்டியிருக்கிறாள், தட்டை நகர்த்தி வைத்திருக்கிறாள். இப்படிப் பேசாமல் இருந்ததில்லை. பயமாக இருந்தது.

திங்கட்கிழமை பாடம் ஆரம்பித்தது. காப்பெலிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு பழைய மாட்டுப் பண்ணை. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக நான்கு நாளும் தானே டிரைவ் பண்ணுவதாக ஜெபசிங் சொல்லிவிட்டான். வழியில் சாசேஜ் வைத்த ஒரு பன் வாங்கித் தந்தான். கொலாச்சி என்கிறார்கள். சமாதானம் பேசுவதற்கு ஏற்ற பண்டம். இரண்டு தின்றதும் பாதிக் கோபம் போய்விட்டது.

எங்களுக்கு ஆசிரியை மார்த்தா. ராணுவத்தில் நர்ஸாக இருந்தவர், அறுபது வயது, டெக்சாஸ்காரி. ஆறு பேர் மாணவர்கள். எடுத்த எடுப்பில், நீங்கள் போகும் இடமும் நாளும் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டார். ஒருவர் இரண்டு என்றார், இன்னொருவர் மூன்று என்றார். என் முறை வந்தது. டெக்சாஸில் எண்பது குடும்பம், நியூஜெர்சி தெரியவில்லை, கலிபோர்னியா இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஜெபக்குழு விவகாரத்தை விளக்கியபோது மார்த்தா மட்டும் சிரிக்கவில்லை.

"என் அம்மா பாப்டிஸ்ட் சபை," என்றார். "நான் போருக்குப் போனபோது என் பட்டாலியன் எங்கே இருக்கிறது என்று எங்கள் ஊர் மளிகைக் கடைக்காரர் வரைக்கும் தெரியும்."

என் நாளையும் வழியையும் மாற்றச் சொல்லித் தொண்டு நிறுவனத்துக்கு உடனே எழுதினார். திட்டம் மாறிவிட்டது என்று குழுவில் போடும்படி ஜெபசிங்குக்குச் சொன்னேன். ஜெப விண்ணப்பத்தில் பொய் எழுத மாட்டேன் என்றவன், இது உண்மைதான் என்பதால் சம்மதித்துப் போட்டான். அடுத்த நிமிடம் பதில்கள் குவிந்தன. புதிய திட்டம் என்ன பிரதர், குறிப்பாகச் சொன்னால்தான் குறிப்பாக ஜெபிக்க முடியும்.

அன்றைக்கு மாலை ஒரு படிவம் தந்தார்கள். நம்மூரில் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடம் ஒருமுறை கருவூலத்தில் போய், உயிரோடுதான் இருக்கிறேன் என்று முகம் காட்டிவிட்டு வருவார்களே, கிட்டத்தட்ட அதுதான் இது. நம்மை யாராவது பிடித்து வைத்துக்கொண்டால், ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்ய வீட்டிலிருந்து ஒரு கேள்வி கேட்பார்கள். நமக்கும் வீட்டில் ஒருவருக்கும் மட்டுமே பதில் தெரிந்திருக்க வேண்டும். அப்படி மூன்று கேள்விகளும், பயிற்சிக்காக ஒன்றும், பதில்களோடு அந்த ஒருவர் எழுதி, கையெழுத்துப் போட்டு, நேராக மார்த்தாவின் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நான் பார்க்கக் கூடாது. புதன்கிழமைக்குள் அது வராவிட்டால் எனக்கு டிக்கெட் கிடையாது.

சந்தோஷமான விஷயமாகக் கேட்கச் சொல்லுங்கள் என்றார் மார்த்தா. அந்த மாதிரி நேரத்தில் வீட்டிலிருந்து உங்கள் காதில் விழும் ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

திரும்பும்போது ஜெபசிங் மெதுவாக, வேண்டுமானால் தானே அந்த ஒருவராக இருக்கட்டுமா என்று கேட்டான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் உலகத்தில் எதுவுமே மிச்சமில்லை.

செவ்வாய்க்கிழமையும் புஷ்பம் போனை எடுக்கவில்லை. அந்தக் கவலையில் நான் இருக்க, ஜெபசிங் தவறான கேட்டுக்குள் வண்டியை விட்டுவிட்டான். சுற்றிலும் முள்கம்பி, தூரத்தில் ஒரு கொட்டகை. எந்த நேரத்திலும் கடத்தல் ஒத்திகை ஆரம்பிக்கலாம், எப்போதும் தயாராக இருங்கள் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார்கள். தொப்பி போட்ட ஒரு கிழவர், கையில் மண்வெட்டி, பக்கத்தில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய், வண்டியை நோக்கி வந்தார். வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடியே செய்தேன். மெல்லக் கதவைத் திறந்து, இரண்டு கையையும் தூக்கி, மண்ணில் மண்டியிட்டு, கண்ணைப் பார்க்காமல், நான் ஒரு டெக்னீஷியன், எனக்குக் குடும்பம் இருக்கிறது, ஒத்துழைக்கிறேன் என்றேன்.

கிழவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். நாய் வந்து என் காதை நக்கியது.

"மகனே, உனக்கு மயக்கம் ஏதும் வருகிறதா?" என்று கேட்டார். உள்ளே போய் ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் தேடும் பண்ணை இரண்டு கேட் தள்ளி இருந்தது. அதன்பின் மீதி நாளெல்லாம் ஜெபசிங் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, வண்டியில் ஏறும்போது புஷ்பம் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். நான் வாயைத் திறக்குமுன் கேட்டாள்.

"அந்த ஆஸ்பத்திரியில எத்தனை பிள்ளைங்க இருக்கு?"

நாற்பது கட்டில், கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள் என்றேன். அந்த மெஷினை வேறு யாருக்கும் சரிசெய்யத் தெரியாதா என்று கேட்டாள். தெரிந்தவர்கள் இருப்பார்கள், போகச் சம்மதித்தவன் நான் மட்டும்தான் போல என்றேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"ஃபார்ம் ஏதோ இருக்காமே, தம்பி சொன்னான். எனக்கு அனுப்புங்க," என்றாள். வைத்துவிட்டாள்.

திட்டு இல்லை, அழுகை இல்லை. ஃபார்மை அனுப்பிவிட்டு, சமாதானம் ஆகிவிட்டாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மத்தியானம் மார்த்தாவின் அலுவலகத்திலிருந்து, படிவம் வந்து சேர்ந்தது என்று தகவல் வந்தது. பெரிய கல் ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கியது.

அந்த உற்சாகத்தில் அன்றைய பாடத்தில் தோற்றேன். அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பையைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஜெபசிங்கின் மனைவி பெனிட்டா என் பையைக் கட்டியிருந்தாள். டார்ச், மருந்து, தண்ணீர் எல்லாம் இருந்தன. அவற்றின் மேல் ஒரு டப்பா நிறைய முறுக்கு. பொய்ச் சோதனைச் சாவடியில் இரண்டு பேர் மரத் துப்பாக்கியோடு நிறுத்தி, பையைத் திற என்று உறுமினார்கள். திறந்ததும் ஒருவர் கண் டப்பாவில் நின்றது. எதிரில் ஆள் நிற்கும்போது டப்பாவை நீட்டாமல் இருக்க எனக்குக் கை வருமா? நீட்டினேன். எடுத்தார்கள். புதர் மறைவில் நின்றிருந்த இன்னும் இரண்டு பேரும் வந்து எடுத்தார்கள்.

சாவடியில் எதையும் கொடுக்கக் கூடாது, ஒரு நாள் கொடுத்தால் தினமும் கேட்பார்கள், உங்களுக்குப் பின்னால் வருகிறவரிடமும் கேட்பார்கள் என்று மார்த்தா மதிப்பெண்ணைக் குறைத்தார். பிறகு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

வியாழக்கிழமை கடைசி ஒத்திகை. காலை எட்டு மணிக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வேன் குறுக்கே வந்து நின்றது. சத்தம், புகை, கூச்சல். யாரோ என் தலையில் துணிப்பையைக் கவிழ்த்து இழுத்துக்கொண்டு போனார்கள். நாடகம் என்று தெரியும். என் தோளைப் பிடித்திருந்த கை முந்தின நாள் முறுக்கு எடுத்த கை என்றுகூடத் தெரியும். இருந்தும் பை உள்ளே இருட்டில் மூச்சு முட்டியபோது, இது நாடகமாக இல்லாமலும் போகலாம் என்று முதல் தடவையாக மனதில் பட்டது. அதுவரை எனக்குப் பிளான்ட்டின் வால்வு பற்றித்தான் யோசனை. அப்போது புஷ்பத்தை மட்டும் நினைத்தேன். போனை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கப் போவது அவள். அந்த வேலைக்கு அவளுக்கு நான்கு நாள் பாடம் யாரும் எடுக்கவில்லை.

கொட்டகையில் வைக்கோல் மேல் மண்டியிட வைத்தார்கள். முழங்கால் கெஞ்சியது. ஒரு மணி நேரம் போயிருக்கும். ஒருவன் குனிந்து, கரகரத்த குரலில் ஒரு காகிதத்தை வாசித்தான்.

"உன் வீட்டிலிருந்து கேட்கிறார்கள். உங்கள் முதல் சண்டை எதற்காக?"

பைக்குள்ளேயே சிரித்துவிட்டேன். சந்தோஷமான விஷயமாகக் கேள் என்று எழுதி அனுப்பினால், இவள் கேட்டிருப்பதைப் பாருங்கள். ஆனால் பதில் எனக்குத் தலைகீழாகத் தெரியும். கல்யாணமான பத்தாவது நாள், மாமனார் வாங்கிக் கொடுத்த புது மிக்ஸியைத் தரையில் பிரித்துப் பரப்பிவிட்டேன். மோட்டார் எப்படி இருக்கிறதென்று பார்க்க ஆசை. அன்றைக்கு விழுந்த திட்டு இன்னும் காதில் இருக்கிறது. மிக்ஸியைப் பிரித்ததற்கு என்றேன். மிக்ஸி என்றால் என்னவென்று கடத்தல்காரருக்கு விளக்க வேண்டியிருந்தது. காகிதம் சரசரத்தது. சரி என்றார்கள். பையை எடுத்தார்கள். வெளிச்சத்தில் மார்த்தா கைதட்டிக்கொண்டு நின்றார்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் பண்ணை வேலிக்குப் போய் புஷ்பத்தைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பாஸாகிவிட்டேன், உன் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னேன் என்று பெருமையடித்தேன்.

"என்ன சொன்னீங்க?"

"மிக்ஸி."

"தப்பு," என்றாள்.

தப்பென்றால் எப்படி, ஒத்துக்கொண்டு பையைக் கழற்றினார்களே என்றேன்.

"சண்டை மிக்ஸிக்காக இல்ல. அன்னைக்குக் காலைல சொல்லாம கொள்ளாம தூத்துக்குடிக்கு வேலைக்குப் போயிட்டீங்க. எனக்குப் புது வீடு, புது ஊரு. எங்க போனீங்கன்னு யாருக்கும் தெரியல. பொழுதடைஞ்சு வந்தீங்க. நான் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கதைப் பார்த்துட்டுதான் மிக்ஸியைப் பிரிச்சிட்டு உக்காந்தீங்க."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்தேழு வருடமாக அது மிக்ஸிச் சண்டை என்றுதான் அவளிடமே சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"அப்போ ஃபார்ம்ல என்ன எழுதின?"

"மிக்ஸின்னுதான். உங்களுக்கு அப்படித்தானே ஞாபகம் இருக்கும்."

மன்னித்துவிடு என்றேன். நைரோபி என்று சொன்னதற்கும், தூத்துக்குடிக்கும் சேர்த்துச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, மற்ற மூன்று கேள்விகளுக்கும் என்ன பதில் எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"நீங்க என்ன சொல்லுவீங்களோ அதைத்தான் எழுதியிருக்கேன். சரியான பதிலை வீட்டுக்கு வந்து கேட்டுக்கிடுங்க," என்றாள்.